எல்லை தாண்டுமுன் நான்கு வரி படியுங்கள்

சங்லூன் சாலையோரத்தில் காசு மாற்றும் கடைக்கும் நாசி கண்டார் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. வாசலில் தாய்லாந்து இன்சூரன்ஸ் என்று பலகை. புக்கிட் காயு ஹித்தாம் எல்லைக்குப் போகும் மலேசிய வண்டிகள் வந்து நிற்கும் இடம். காலை ஆறரைக்கே வரிசை. என் முறை வந்தது. வண்டிப் பதிவுச் சான்றின் (கிரான்) நகலைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் வண்டி எண்ணைத் தட்டினார், காசு வாங்கினார், சீட்டை நீட்டினார். எல்லாம் மூன்று நிமிடம்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சீட்டைப் படித்தேன். என் வண்டி எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. திரும்பிப் போய்ச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சீட்டு அடித்துக் கொடுத்தார். படிக்காமல் கிளம்பியிருந்தால், யாரோ ஒருவருடைய காருக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுத்த புண்ணியம்தான் எனக்கு மிஞ்சியிருக்கும்.

நீண்ட வார இறுதி வந்தால் அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் கிளம்புகிறோம். சிங்கப்பூர் நண்பர்கள் பினாங்கு வரை வருகிறார்கள், சிலர் அப்படியே எல்லையும் தாண்டுகிறார்கள். ஹோட்டலுக்குப் பத்து இடத்தில் விலை பார்க்கிறோம். காப்புறுதிக்கு மட்டும் "போன வருஷம் போட்டதுதானே இருக்கு" என்று விட்டுவிடுகிறோம். குறைந்த செலவில், ஓட்டை இல்லாமல், எல்லை தாண்டும் காருக்குக் காப்புறுதி எடுப்பதற்கான வழிகாட்டி இது. பாலிசியில் நான்கு வரிகளைத் தேடிப் படித்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது: எந்த இடம், எந்தப் பயன்பாடு, எந்த ஓட்டுநர், எவ்வளவு எக்செஸ் (சேதத்தில் நீங்களே கட்டும் பங்கு). விலை ஐந்தாவதாக வரட்டும்.

முதல் வரி: எந்த இடம் வரை?

மலேசியத் தனியார் கார் பாலிசி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளில் செல்லும். தாய்லாந்து அதில் இல்லை. அதைச் சேர்க்க 101 என்ற எண்ணுள்ள நீட்டிப்பு இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டி, பயண நாள்களுக்கு முன்பே பாலிசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எல்லையில் நின்றுகொண்டு ஏஜெண்டுக்குப் போன் போட்டால் பொது விடுமுறை நாளில் யார் எடுப்பார்கள்?

சிங்கப்பூர் பாலிசிகள் பலவற்றில் வாசகம் வேறு மாதிரி இருக்கும்: சிங்கப்பூர், மேற்கு மலேசியா, அத்துடன் மேற்கு மலேசிய எல்லையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அடங்கும் தாய்லாந்துப் பகுதி. இந்த 80 என்ற எண்ணை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லையிலிருந்து ஹாட்யாய் சுமார் 60 கிலோமீட்டர், உள்ளே வந்துவிடும். ஹாட்யாயிலிருந்து சொங்க்லா கடற்கரைக்கு இன்னும் 30 கிலோமீட்டர். அங்கே சாலைக் கணக்கா, நேர்கோட்டுக் கணக்கா என்று நிறுவனத்திடம் கேட்டே ஆக வேண்டும். கிராபி, புக்கெட் என்றால் கேள்வியே இல்லை, வெளியேதான். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அப்படியே கிராபிக்கும் போயிடலாம்" என்று காரில் எடுக்கும் முடிவு, பாலிசியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் முடிவும்கூட.

ஒவ்வொரு நாட்டிலும் கட்டாயம் எது?

மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டு மூன்றாம் தரப்புச் சட்டமும் காப்புறுதியைக் கட்டாயமாக்குகின்றன. தாய்லாந்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பேச்சுவழக்கில் அதைப் "போ ரோ போ" என்பார்கள். சங்லூனில் நான் வாங்கிய சீட்டு அதுதான். வெளிநாட்டுக் காருக்கும் அது வேண்டும். இல்லாமல் ஓட்டினால் 10,000 பாட் வரை அபராதம்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். போ ரோ போ மனித உடலுக்கு மட்டும். விபத்தில் காயமடைந்தவருக்கு மருத்துவச் செலவு 80,000 பாட் வரை, இறந்துபோனால் அல்லது நிரந்தரமாக முடங்கினால் 500,000 பாட் வரை. தவறு உங்கள் பக்கம் என்றால், ஓட்டிய உங்களுக்கு முதற்கட்டத் தொகை மட்டும்: சிகிச்சைக்கு 30,000 பாட், உயிரிழப்புக்கு 35,000 பாட். நீங்கள் இடித்த பிக்கப் வண்டிக்கு ஒரு பாட்கூடக் கிடையாது. உங்கள் காருக்கும் கிடையாது.

ஆக, கையில் சீட்டு இருக்கிறது என்பதால் கார் காப்பாற்றப்பட்டது என்று எண்ண வேண்டாம். போ ரோ போ சட்டத்துக்கு, 101 நீட்டிப்பு உங்கள் காருக்கு. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்றில்லை. இதற்கு மேல், எதிராளியின் வண்டிக்கும் சொத்துக்கும் நீங்கள் கொடுக்க வேண்டிவரும் இழப்பீட்டை எது ஏற்கிறது என்றும் கேளுங்கள். நீட்டிப்பு ஏற்காவிட்டால், தாய்லாந்து நிறுவனங்களின் விருப்பக் காப்புறுதியை எல்லைக் கடைகளிலேயே சில நாள்களுக்கு எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். மூன்று நாள் பயணத்துக்கு ஓர் ஆண்டுச் சீட்டைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் சேர்த்து, ஒரு நாள் கூடுதலாக எடுத்தால் போதும்.

இரண்டாவது வரி: எதற்காக ஓட்டுகிறீர்கள்?

தனியார் கார் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பத்தி வரும். சொந்த வேலை, குடும்பம், உல்லாசம், பாலிசிதாரரின் தொழில் ஆகியவற்றுக்கு அனுமதி. கூலிக்கு ஆள் ஏற்றுவது, பந்தயம் ஓட்டுவது ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.

நாலு நண்பர்கள் பெட்ரோலையும் டோலையும் பங்கு போட்டுக்கொள்வது ஒன்று. "ஜொகூரிலிருந்து சாங்கி வரை ஆளுக்கு இவ்வளவு" என்று வசூலித்து ஓட்டுவது முற்றிலும் வேறு. உரிமம் இல்லாமல் எல்லை தாண்டி ஆள் ஏற்றுபவர்களைச் சிங்கப்பூர் கடுமையாகப் பிடிக்கிறது. 3,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, வண்டி பறிமுதல் எல்லாம் உண்டு. இடித்துவிட்டால் காப்புறுதியும் கைவிரிக்கும். ஏறுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அலுவல் பயணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பினாங்கிலிருந்து சொந்தக் காரில் ஹாட்யாய் வாடிக்கையாளரைப் பார்க்க மேலாளர் அனுப்புகிறார் என்று வையுங்கள். மைல் கணக்குப் பணம் கம்பெனி கொடுத்துவிடும். ஆனால் பாலிசி கூறும் "பாலிசிதாரரின் தொழில்" உங்கள் முதலாளியின் வேலையையும் சேர்க்குமா? நிறுவனத்துக்கு நிறுவனம் பதில் மாறும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீட்டிப்புக்கும் எல்லைக் காப்புறுதிக்கும் ஆகும் செலவுக்கு, பயணத்துக்குப் பிறகு அல்ல, முன்பே மனிதவளப் பிரிவிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பயணம் முடிந்த பிறகு நீட்டும் ரசீதுக்கு "இது பட்டியலில் இல்லையே" என்ற பதில்தான் வரும்.

கம்பெனி கார் என்றால் கம்பெனியின் கடிதம் அவசியம். வண்டி எண், ஓட்டுபவர் பெயர், போகும் நாடு, தேதிகள் நான்கும் அதில் இருக்க வேண்டும். வாடகைக் கார் என்றால் வாடகை நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி. அது இல்லாமல் எல்லை தாண்டினால் ஒப்பந்தமும் போகும், காப்புறுதியும் போகும்.

மூன்றாவது வரி: யார் ஓட்டுகிறார்கள்?

புக்கிட் காயு ஹித்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 772 கிலோமீட்டர். ஒருவரே ஓட்ட முடியாது, ஸ்டியரிங் கைமாறும். மலேசியப் பாலிசியில் பெயர் குறிப்பிடாத ஒருவரோ, 21 வயதுக்குக் கீழே உள்ளவரோ, புது ஓட்டுநருக்கான 'பி' உரிமம் வைத்திருப்பவரோ ஓட்டி உங்கள் கார் சேதமானால், முதல் 400 ரிங்கிட்டை நீங்களே கட்ட வேண்டும். மாற்றி ஓட்டப்போகிறவரின் பெயரைச் சேர்க்க ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் சிறிதுதான். சிங்கப்பூரில் இளம் ஓட்டுநர்களுக்கும் அனுபவம் குறைந்தவர்களுக்கும் கூடுதல் எக்செஸ் வைப்பது பரவலான வழக்கம். சில பாலிசிகளில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

உரிமத்துக்குக் கவலை வேண்டாம். ஆசியான் நாடுகள் ஒன்றின் உள்நாட்டு உரிமத்தை மற்றது ஏற்கும் ஒப்பந்தம் 1985 முதல் இருக்கிறது. காலாவதி தேதியை மட்டும் பாருங்கள். உரிமம் காலாவதியானால் கோரிக்கை அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

நான்காவது வரி: எவ்வளவு எக்செஸ்?

எக்செஸ் என்றால் கோரிக்கையில் முதலில் நீங்கள் கையிலிருந்து கட்டும் தொகை. இதை உயர்த்தினால் ஆண்டுக் கட்டணம் குறையும். கட்டணத்தைக் குறைக்க நேர்மையான வழி இது. ஆனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நாளைக் காலையே கடன் வாங்காமல் கட்டக்கூடிய தொகையைத் தாண்டி எக்செஸை உயர்த்தாதீர்கள். சிங்கப்பூர் வாசகர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மலேசியாவில் நடக்கும் விபத்துக்கோ திருட்டுக்கோ எக்செஸை உயர்த்தும் பாலிசிகளும் உண்டு. அட்டவணைத் தாளில் அல்ல, உள்ளே நிபந்தனைப் பக்கத்தில் அது ஒளிந்திருக்கும்.

இப்போது விலை: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

மலேசியாவில் 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்கு ஒரே கட்டண முறை போய், நிறுவனங்கள் தாமே விலை வைக்கின்றன. ஒரே காருக்கு மூன்று இடத்தில் மூன்று விலை வரும். எனவே குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். ஒரே எக்செஸ், ஒரே காப்புத் தொகை, ஒரே நீட்டிப்புகள் என்று வைத்துக் கேட்டால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

காப்புத் தொகையைக் குறைத்துக் காட்டி மிச்சம் பிடிக்க வேண்டாம். சந்தையில் 50,000 ரிங்கிட் பெறும் காரை 40,000 என்று காட்டினால், 10,000 ரிங்கிட் சேதத்துக்கு விகிதக் கணக்குப்படி 8,000தான் வரும். கட்டணத்தில் மிச்சப்படுத்தியதைவிட இந்த 2,000 பெரிது.

கோரிக்கையற்ற தள்ளுபடியை, அதாவது என்சிடியை, கணக்கோடு பாருங்கள். மலேசியாவில் அது ஆண்டுக்கு ஆண்டு 25, 30, 38.33, 45, 55 சதவீதம் என ஏறும். உங்கள் தவறால் ஒரு கோரிக்கை வைத்தால் பூச்சியத்துக்கு விழும். தள்ளுபடிக்கு முன் கட்டணம் 2,000 ரிங்கிட் என்று வைப்போம். 55 சதவீதத்தில் நீங்கள் கட்டுவது 900. கோரிக்கை வைத்த பிறகு ஆண்டுகள் வரிசையாக 2,000, 1,500, 1,400, 1,233, 1,100 என்று கட்டித்தான் மறுபடி 900-க்கு வருவீர்கள். ஐந்தாண்டுகளில் கூடுதலாகக் கட்டியது ஏறக்குறைய 2,733 ரிங்கிட். ஆகவே 1,000 ரிங்கிட் சொட்டைக்குக் கோரிக்கை வைப்பது வீண். கைக்காசில் சரிசெய்யுங்கள், விபத்துத் தகவலை மட்டும் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் உச்சம் 50 சதவீதம். ஒரு கோரிக்கையில் 20-க்கு இறங்கும்.

வேலை செய்கிறவர்கள் மறக்கும் ஒரு சேமிப்பு உண்டு. கம்பெனி உங்களுக்கு எடுத்திருக்கும் குழு விபத்துக் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றின் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலும், வேலை நேரத்துக்கு வெளியேயும் அது செல்லும் என்றால், பயணக் காப்புறுதியில் அதே பலனுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை. செல்லாது என்றால் பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். கார் பாலிசி உங்கள் மருத்துவமனைக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள்.

மழையும் தென் தாய்லாந்தும்

ஹாட்யாய் தாழ்வான நகரம். 2000, 2010 ஆண்டுகளில் வெள்ளம் பார்த்தது. 2025 நவம்பரில் பெருவெள்ளம். விடுமுறைக்குப் போயிருந்த மலேசியர்கள் பலர் ஹோட்டல்களில் சிக்கினார்கள். மலேசிய முழுக் காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேராது. இயற்கைப் பேரிடர் நீட்டிப்பைத் தனியாக வாங்க வேண்டும். அது தாய்லாந்து மண்ணிலும் செல்லுமா என்பது அடுத்த கேள்வி. நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் இரண்டையும் கேட்காமல் கிளம்பக் கூடாது.

பெத்தோங், சுங்கை கோலோக் வழியாகப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். யாலா, பத்தானி, நாராதிவாட் மாகாணங்களில் 2004 முதல் கிளர்ச்சி ஓயவில்லை. போர், பயங்கரவாதச் சேதங்களைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்து நீட்டிப்பு, விருப்பக் காப்புறுதி, கூடுதல் ஓட்டுநர் என்று செலவு ஏறினால், மாற்று வழியும் இருக்கிறது. பாடாங் பெசாரில் காரை நிறுத்திவிட்டு ரயிலில் ஹாட்யாய் போகலாம். அங்கிருந்து தூர ஊர்களுக்கு, உள்ளூர்க் காப்புறுதியோடு வரும் வாடகைக் கார் எடுக்கலாம். கிராபி போகிறவர்களுக்குச் சில சமயம் அதுவே மலிவு.

ஏஜெண்டுக்கு அனுப்ப ஒரு செய்தி

போனில் கேட்டால் பதில் காற்றோடு போகும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படிக் கேளுங்கள்:

"இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்த வண்டியில் ஹாட்யாய் போகிறோம். ஓட்டுபவர்கள் இந்த இருவர். 1. பாலிசி தாய்லாந்தில் எத்தனை கிலோமீட்டர் வரை செல்லும்? 2. எதிராளியின் வண்டிச் சேதம் சேருமா? 3. வெள்ளம் அங்கே சேருமா? 4. அங்கே எக்செஸ் எவ்வளவு? 5. வண்டி நின்றுபோனால் இழுவை வண்டி எல்லை தாண்டி வருமா? தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்."

ஐந்துக்கும் பதில் வந்தால் அந்தப் பக்கத்தை அச்சடித்துக் காரில் வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

* கடப்பிதழ், ஓட்டுநர் உரிமம்.
* வண்டிப் பதிவுச் சான்று. கார் வேறொருவர் பெயரில் என்றால் அவருடைய அனுமதிக் கடிதம். வங்கிக் கடனில் இருந்தால் வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுத் தேவையான கடிதம்.
* பாலிசி, நீட்டிப்புத் தாள், போ ரோ போ சீட்டு. வண்டி எண், சேசிஸ் எண், தேதி மூன்றையும் கடையிலேயே சரிபார்க்கவும்.
* தாய்லாந்து மின்னிலக்க வருகை அட்டை. 2025 மே 1 முதல் கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இலவசமாகப் பதியலாம்.
* தாய்லாந்துச் சுங்கத்தின் தற்காலிக இறக்குமதித் தாள். தொலைக்காதீர்கள். கெடு தாண்டினால் நாளுக்கு 1,000 பாட், அதிகபட்சம் 10,000 பாட் அபராதம்.
* சிங்கப்பூர்க் கார்களுக்கு மலேசிய நுழைவு அனுமதி. 2025 ஜூலை 1 முதல் இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது தொட்டியில் முக்கால்வாசி எண்ணெய்.

இடித்துவிட்டால்

முதலில் ஆட்கள். மலேசியாவில் 999, தாய்லாந்தில் ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலாக் காவல் துறைக்கு 1155. பிறகு படம்: இரண்டு வண்டிகளின் எண் பலகை, சாலை, சேதம், எதிராளியின் உரிமம், காப்புறுதிச் சீட்டு. தாய் மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "நான்தான் தப்பு" என்று ஒப்புக்கொண்டு அங்கேயே பேரம் பேசவும் வேண்டாம். நிறுவனத்தைக் கேட்காமல் ஒப்புக்கொண்டது கோரிக்கையைக் கெடுக்கும்.

மலேசியாவில் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். சிங்கப்பூர்க் கார் என்றால் அந்தப் புகாரின் நகலோடு, 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தாய்லாந்திலும் போலீஸ் அறிக்கை இல்லாமல் எல்லைக்குத் திரும்பாதீர்கள். திரும்பி வந்த பிறகு அந்தத் தாளை வாங்க இன்னொரு பயணம் போக வேண்டிவரும்.

இவ்வளவையும் செய்ய ஒரு மாலை நேரம் போதும். சங்லூன் கடையில் வாங்கும் சீட்டைப் படிக்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைக் கடை வாசலில் நின்றே செலவழியுங்கள், காரில் ஏறிய பிறகு அல்ல.